சூழ்தலும் சூழ்ச்சியும்: ‘எஸ் மினிஸ்டர்’ தொலைக்காட்சித் தொடரின் மாந்தர் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சூழ்ச்சி என்னும் சொல் இன்றைய வழக்கில் சதி, வஞ்சனை என்னும் பொருளையே தருகிறது. பழந்தமிழில் அச்சொல்லுக்கு ஆராய்தல், கலந்தெண்ணுதல் என்பனவே பொருளாக இருந்தன. சூழ்வார் என்போர் அரசனுக்கு அறிவுரை கூறுவோர். சூழ்ச்சி என்பது ஒரு வினையைத் தொடங்குமுன் செய்யும் ஆய்வு. நல்லெண்ணத்துடன் கூறப்படும் அறிவுரையும் கேடு கருதிப் பின்னப்படும் வலையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டமை தற்செயலன்று. மன்னனுக்கு மறைவாகச் சொல்லப்படும் சொல் அவனுடைய நன்மைக்கா, சொல்பவனுடைய நன்மைக்கா என்பதை வெளியிலிருப்போர் அறிய இயலாது என்னும் உண்மையே இப்பொருள் மாற்றத்தின் அடியில் உள்ளது எனலாம்.

இந்த ஐயத்தையே கருவாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் எழுந்த புகழ்பெற்ற அரசியல் நையாண்டிப் படைப்பு, பிரித்தானியாவின் பி.பி.சி. தொலைக்காட்சியில் வெளிவந்த ‘எஸ் மினிஸ்டர்’, அதன் தொடர்ச்சியாகிய ‘எஸ், பிரைம் மினிஸ்டர்’ ஆகிய நகைச்சுவைத் தொடர்களாகும். இவற்றில் வரும் சூழ்ச்சியாளர்களைத் தனிமனிதக் குணக்கேட்டின் வடிவங்களாகக் காண்பது பொதுவான வழக்கம். மாறாக, அவர்கள் 1854ஆம் ஆண்டின் ஆட்சிப்பணிச் சீர்திருத்தம் உருவாக்கிய அமைப்பின் விளைபொருள்கள் என்பதையும், அவ்வமைப்பின் வரலாறு இந்தியாவோடும் சென்னையோடும் பிணைந்தது என்பதையும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரும் அதன் மூலங்களும்

ஆன்டனி ஜே (1930–2016), ஜோனதன் லின் (பி. 1943) ஆகிய இருவர் இணைந்து இத்தொடர்களை எழுதினர். முதல் பகுதி 1980 பிப்ரவரி 25ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. ‘எஸ் மினிஸ்டர்’ 1980 முதல் 1982 வரை மூன்று பருவங்களாகவும், 1984 டிசம்பரில் ஒரு சிறப்புப் பகுதியாகவும் வந்தது. ‘எஸ், பிரைம் மினிஸ்டர்’ 1986 முதல் 1988 வரை இரண்டு பருவங்களாக வந்தது. பகுதிகள் மொத்தம் 38. நிருவாக விவகாரத் துறை என்னும் கற்பனைத் துறையின் அமைச்சர் ஜிம் ஹேக்கராகப் பால் எடிங்டனும், அத்துறையின் நிரந்தரச் செயலர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பியாக நைஜல் ஹாத்தார்னும், அமைச்சரின் தனிச் செயலர் பெர்னார்ட் வூலியாக டெரெக் ஃபோல்ட்சும் நடித்தனர். ஹேக்கர் எக்கட்சியைச் சார்ந்தவர் என்பது இறுதிவரை கூறப்படவில்லை. முன்னோட்டப் பகுதி அணியமாக இருந்தும், 1979ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் நெருங்கியமையால் ஒளிபரப்புத் தள்ளிவைக்கப்பட்டது என்பது, இந்நகைச்சுவை எத்துணை உண்மைக்கு அண்மையது எனக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

தொடரின் தலையாய மூலம் ஒரு நாட்குறிப்பாகும். ஹரால்ட் வில்சன் அமைச்சரவையில் 1964 முதல் 1970 வரை பணியாற்றிய ரிச்சர்ட் கிராஸ்மன், தாம் பொறுப்பேற்ற நாள் முதல் அதிகாரிகளோடு நிகழ்ந்த பூசல்களை எழுதிவைத்தார். வீட்டுவசதித் துறையில் அவருக்கு எதிர்நின்றவர் ஈவ்லின் ஷார்ப் என்னும் பெண் நிரந்தரச் செயலர். கிராஸ்மன் 1974இல் மறைந்தார். அவருடைய நாட்குறிப்பு வெளியாவதைத் தடுக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. 1975இல் தலைமை நீதிபதி விட்ஜரி தடை விதிக்க மறுத்தமையால் முதல் தொகுதி வெளிவந்தது. ஜேயும் லின்னும் அரசின் உள்வட்டத்தில் இருந்தோரிடமும் செய்தி திரட்டினர். வில்சனின் அரசியல் செயலராக இருந்த மார்சியா வில்லியம்சும் ஆலோசகராக இருந்த பெர்னார்ட் டோனஹ்யூவும் அவர்களுள் அடங்குவர். தொடரின் கதைகள் பின்னர் நூலாக்கப்பட்டபோது ஹேக்கரின் நாட்குறிப்பு என்னும் வடிவிலேயே அமைக்கப்பட்டமை கிராஸ்மனுக்குப் பட்ட கடனைக் காட்டுகிறது. ஆகவே, இப்படைப்பு கற்பனையாயினும் ஆவணத்தின் மீது எழுந்த கற்பனை என்பது பெறப்படும்.

மந்திரியும் மாண்டரினும்

பிரித்தானியாவில் உயர் ஆட்சிப் பணியாளரை ‘மாண்டரின்’ எனக் குறிப்பது வழக்கம். சர் ஹம்ஃப்ரி அவ்வினத்தின் முழுமையான வார்ப்பு. சீன அரசதிகாரிகளைக் குறிக்க ஐரோப்பியர் கையாண்ட இச்சொல் சீனச் சொல் அன்று. வடமொழி ‘மந்த்ரின்’ மலாய் மொழியில் ‘மெந்தரி’ ஆயிற்று; அதனைப் போர்த்துகீசியர் ‘மந்தரிம்’ எனக் கொண்டனர்; கட்டளையிடுதலைக் குறிக்கும் தம்மொழி வினைச்சொல்லின் சாயலும் அதில் படிந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. தமிழில் நாம் வழங்கும் ‘மந்திரி’ என்பதும் அதே வேரினின்று வந்ததே. மந்திரம், அதாவது மறைவில் நிகழும் கலந்தாய்வு, உடையவன் மந்திரி.

மறுபுறம், ‘மினிஸ்டர்’ என்னும் சொல் இலத்தீனில் ஏவலனையே குறித்தது. எனவே சொல்வரலாற்றின்படி ஹேக்கர் ஏவலர். சர் ஹம்ஃப்ரியே மந்திரி. சட்டத்தின்படி நிலை இதற்கு நேர்மாறு. சட்டம் கூறும் உறவுக்கும் நடைமுறை உறவுக்கும் இடையிலான இம்முரணே முப்பத்தெட்டுப் பகுதிகளின் நகைச்சுவைக்கும் ஊற்று. எழுத்தாளர் இருவரும் இச்சொல்வரலாற்றை எண்ணித் தொடரை அமைத்தனர் என்பது நம் கருத்தன்று. மொழி தன்னுள் சேமித்து வைத்த ஐயத்தை நாடகம் வேறொரு வழியில் வெளிக்கொணர்ந்தது என்பதே ஈண்டுச் சுட்டத்தக்கது.

திருக்குறள் அமைச்சு முதலாகப் பத்து அதிகாரங்களை இப்பொருளுக்கு ஒதுக்கியுள்ளது. தானும் அறியாது, அறிந்தோர் சொல்லையும் தள்ளும் தலைவனுக்கும் நன்மையை எடுத்துரைப்பது அமைச்சனின் கடமை என ஒரு குறளும், பக்கத்திலிருந்தே பழுது எண்ணுபவன் பெரும் பகைக்கூட்டத்தினும் கொடியவன் என அடுத்த குறளும் கூறுகின்றன. இரண்டும் அடுத்தடுத்து நிற்றல் கருதத்தக்கது. சர் ஹம்ஃப்ரி தம்மை முதற்குறளின் அமைச்சராகக் கருதுகிறார். ஹேக்கர் அவரை இரண்டாம் குறளில் காண்கிறார். எது சரி என்பதைத் தொடர் எளிதில் முடிவுசெய்வதில்லை.

1854: சூழ்ச்சியை ஒழிக்க வந்த சீர்திருத்தம்

சர் ஹம்ஃப்ரியின் வலிமைக்கு அடிப்படை மூன்று: அவர் தேர்தலால் வந்தவர் அல்லர், ஆட்சி மாறினும் மாறாதவர், பொதுமக்கள் முன் பெயரின்றி இருப்பவர். இம்மூன்று இயல்புகளையும் பிரித்தானிய ஆட்சிப்பணிக்கு வகுத்தளித்த ஆவணம் 1853 நவம்பரில் ஒப்படைக்கப்பட்டு 1854இல் வெளியிடப்பட்ட நார்த்கோட் – டிரெவெல்யன் அறிக்கையாகும். அதற்கு முன் அரசுப் பதவிகள் பிரபுக்களின் பரிந்துரையால் நிரப்பப்பட்டன. உறவினரும் வேண்டியவரும் பதவி பெற்றனர். பரிந்துரைக்கு மாற்றாகப் போட்டித்தேர்வும், மூப்புக்கு மாற்றாகத் தகுதியும் வேண்டும் என்பது அறிக்கையின் சாரம். 1855இல் பணியாளர் தேர்வுக்கென ஆணையம் நிறுவப்பட்டது. பரிந்துரை முறை ஒரே நாளில் மறையவில்லை. திறந்த போட்டித்தேர்வு 1870க்குப் பின்னரே பெரும்பாலான துறைகளில் நடைமுறைக்கு வந்தது.

இவ்வறிக்கையின் வேர் இந்தியாவில் உள்ளது. ‘சிவில் சர்வீஸ்’ என்னும் பெயரே கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைப்பணியினின்று பிரித்துக்காட்டத் தன் ஆட்சிப் பணியாளருக்கு வழங்கிய பெயராகும். அறிக்கையின் ஆசிரியருள் ஒருவரான சார்லஸ் டிரெவெல்யன் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் பயின்று 1826இல் வங்காளப் பணியில் சேர்ந்தவர். மெக்காலேயின் தங்கையை மணந்தவர். அதே 1854இல் மெக்காலே தலைமையிலான குழு இந்திய ஆட்சிப் பணிக்குப் போட்டித்தேர்வைப் பரிந்துரைத்தது. 1855இல் இலண்டனில் முதல் தேர்வு நடைபெற்றது. இரு நாடுகளின் ஆட்சிப்பணிகளும் ஒரே குடும்பத்தின் மேசையில் வடிவம் பெற்றன எனல் மிகையாகாது.

டிரெவெல்யன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். சென்னை மக்களுக்கெனப் பீப்பிள்ஸ் பார்க் என்னும் பூங்காவை அமைத்தவர் அவரே. 1860இல் தலைமை அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரி உள்ளிட்ட புதிய வரித்திட்டத்தைக் கொணர்ந்தபோது டிரெவெல்யன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். தம் மறுப்பைக் கோப்புக்குள் அடக்காமல் செய்தித்தாள்களில் வெளிவரச் செய்தார். அதற்காக அவ்வாண்டே பதவியினின்று திரும்ப அழைக்கப்பட்டார். பின்னர் 1862இல் நிதி உறுப்பினராக நியமிக்கப்பெற்று மீண்டும் இந்தியா வந்தார். பெயரற்ற, நிலையான ஆட்சிப்பணிக்கு வரைபடம் தீட்டியவரே, மறைவில் சொல்லவேண்டிய அறிவுரையை வெளியில் சொன்னமைக்காகச் சென்னையில் பதவி இழந்தார் என்பது வரலாற்றின் நகைச்சுவை. தம் கருத்தைத் திறந்து கூறும் அதிகாரி பதவி இழப்பார். மறைத்துச் செயற்படுத்தும் அதிகாரி நீடிப்பார் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி தருகிறது. சர் ஹம்ஃப்ரி இப்பாடத்தைக் கற்றுத் தேர்ந்தவர்.

இரு நூற்றாண்டு நையாண்டிகள்

சீர்திருத்தம் எழுந்த அதே காலத்தில் அதிகாரிகளைப் பற்றிய நையாண்டியும் எழுந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை தொடராக வெளியிட்ட ‘லிட்டில் டாரிட்’ புதினத்தில் சுற்றிவளைப்பு அலுவலகம் ஒன்றைப் படைத்தார். எதையும் செய்யாதிருக்கும் கலையில் தேர்ந்த அவ்வலுவலகத்தை, கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் உயிரியின் பெயர்கொண்ட பார்னக்கிள் குடும்பத்தார் நிரப்பியிருந்தனர். கிரைமியப் போரில் வெளிப்பட்ட நிருவாகச் சீர்கேடு அந்நையாண்டிக்குப் பின்புலம். அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்த ஆன்டனி டிரலப், தம் ‘தி த்ரீ கிளார்க்ஸ்’ புதினத்தில் போட்டித்தேர்வையே எள்ளி நகையாடினார். அதில் வரும் சர் கிரிகரி ஹார்ட்லைன்ஸ் என்னும் பாத்திரம் டிரெவெல்யனின் சாயலில் அமைந்தது.

டிக்கன்சின் அதிகாரிகளையும் ஜே – லின் படைத்த அதிகாரிகளையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலப்படும். இரு படைப்புகளிலும் விளைவு ஒன்றே: எதுவும் நடைபெறுவதில்லை. காரணம் மட்டும் தலைகீழாகிவிட்டது. பார்னக்கிள்கள் பரிந்துரையால் வந்த திறமையற்றோர். அவர்களால் செய்ய இயலவில்லை. சர் ஹம்ஃப்ரி தேர்வால் வந்த பேரறிவாளர். ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் மொழிகள் பயின்றவர். அவர் முழுத்திறனையும் பயன்படுத்திச் செய்யாமல் இருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு நையாண்டி தகுதியின்மையைக் கண்டு நகைத்தது. இருபதாம் நூற்றாண்டு நையாண்டி தகுதியைக் கண்டு நகைத்தது. சூழ்ச்சியால் பதவி பெறுதலை ஒழித்த சீர்திருத்தம், பதவியால் சூழ்ச்சி பெறுதலுக்கு வழிவகுத்தது. 1968இல் ஃபுல்டன் குழு, துறை அறிவற்ற பொதுநிலை அறிவாளரே உயர்பதவிகளில் ஆதிக்கம் செலுத்துவதைக் குறைகூறியிருந்தது. அக்குறையின் நாடக வடிவமே சர் ஹம்ஃப்ரி.

சூழ்ச்சியின் வழிமுறைகள்

சர் ஹம்ஃப்ரி பொய் கூறுவது அரிது. சட்டத்தை மீறுவது அதனினும் அரிது. அவருடைய கருவிகள் அனைத்தும் அலுவலகத்தின் அன்றாட நடைமுறைகளே.

முதலாவது காலம். ‘பிக் பிரதர்’ என்னும் பகுதியில், முன்னாள் அமைச்சர் ஒருவர் அதிகாரிகளின் காலம் கடத்தும் படிநிலைகளை ஹேக்கருக்கு விளக்குகிறார். இப்போதுதான் ஆட்சிக்கு வந்துள்ளோம் என்பதில் தொடங்கி, இது சரியான வழிதானா, இது தக்க தருணமா, தொழில்நுட்பச் சிக்கல், சட்டச் சிக்கல் எனச் சென்று, தேர்தல் வந்துவிட்டது என்பதில் அது முடிகிறது. ஒவ்வொரு தடையும் தனித்து நோக்கின் நியாயமானது. வரிசையாக நோக்கினால்தான் சூழ்ச்சி தெரியும்.

இரண்டாவது மொழி. சர் ஹம்ஃப்ரியின் நீண்ட தொடர்களில் எழுவாய் தொலைந்துபோகும். செயப்பாட்டுவினை மட்டும் எஞ்சும். எவர் செய்தார், எவர் செய்வார் என்பது மறைந்துவிடும். தமிழ் ஆட்சிமொழியில் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஆவன செய்யப்படும்’ என்னும் தொடர்களை அறிந்தோருக்கு இக்கருவி புதிதன்று. ஓர் அமைச்சரின் திட்டத்தைத் தடுக்க அதனைப் பழிக்க வேண்டியதில்லை. துணிச்சலான முடிவு என்று பாராட்டினால் போதும். அச்சொல்லைக் கேட்டதும் தேர்தல் தோல்வி ஹேக்கரின் கண்முன் நிற்கும்.

மூன்றாவது செய்தி. வேண்டாத தாள்களால் அமைச்சரின் பெட்டியை நிரப்புதல், வேண்டிய தாளை அடியில் வைத்தல் ஆகிய இரண்டும் ஒரே பயனைத் தருவன. நான்காவது பண்டமாற்று. ‘டூயிங் தி ஆனர்ஸ்’ பகுதியில், துறைச் செலவை ஐந்து விழுக்காடு குறைத்தாலன்றி அதிகாரிகளுக்குப் பட்டங்கள் இல்லை என ஹேக்கர் அறிவிக்கிறார். சர் ஹம்ஃப்ரி தாம் பயின்ற கல்லூரியின் வழியாக ஹேக்கருக்கே மதிப்புறு முனைவர் பட்டத்துக்கு ஏற்பாடு செய்து அவ்வறிவிப்பைக் கரைத்துவிடுகிறார்.

இவ்வழிமுறைகள் எதற்குப் பயன்படுகின்றன என்பதற்கு ‘தி கம்பாஷனேட் சொசைட்டி’ பகுதி சான்று. ஏறத்தாழ 500 பணியாளர்களுடன் இயங்கும் ஒரு மருத்துவமனையில் ஒரு நோயாளிகூட இல்லை. ஆயினும் அது மிகச்சிறப்பாக நிருவகிக்கப்படுகிறது என அதிகாரி பெருமைப்படுகிறார். வழிமுறையே நோக்கமாகிவிட்ட அமைப்பின் படிமம் இது.

மூவர்

சூழ்ச்சியாளர் என்றதும் சர் ஹம்ஃப்ரி ஒருவரையே எண்ணுதல் பொருந்தாது. ஹேக்கரும் படிப்படியாகச் சூழ்ச்சி கற்கிறார். ‘தி ஸ்கெலிடன் இன் தி கப்போர்ட்’ பகுதியில், முப்பது ஆண்டு மறைப்பு விதி முடிந்து வெளிவந்த கோப்பொன்றில் அரசுக்குப் பேரிழப்பை ஏற்படுத்திய இளநிலை அதிகாரி சர் ஹம்ஃப்ரியே என்பது தெரியவர, அதனை வைத்து அமைச்சர் அவரைப் பணிய வைக்கிறார். 1984இன் சிறப்புப் பகுதியாகிய ‘பார்ட்டி கேம்ஸ்’ ஹேக்கர் தலைமையமைச்சராகும் கதை. போட்டியாளர் இருவரின் மறைச்செய்திகள் அடங்கிய கோப்புகளை அதிகாரிகள் அவருக்குக் காட்டுகின்றனர். அவரும் தயங்காது பயன்படுத்திக்கொள்கிறார்.

தொடரின் அறவியல் மையமாக ‘தி விஸ்கி பிரீஸ்ட்’ பகுதியைக் கொள்ளலாம். பிரித்தானியப் படைக்கலங்கள் இத்தாலியப் பயங்கரவாதிகளைச் சென்றடைவதாக ஹேக்கருக்குச் செய்தி வருகிறது. நன்மை தீமை பற்றிய வினா அரசுப்பணிக்குரியதன்று எனச் சர் ஹம்ஃப்ரி வெளிப்படையாகக் கூறுகிறார். பல அரசுகளுக்குப் பணியாற்றிய தாம் ஒவ்வோர் அரசின் கொள்கையையும் உளமார நம்பியிருந்தால் அறிவு பிறழ்ந்திருக்கும் என்பது பெர்னார்டுக்கு அவர் தரும் விளக்கம். பார்வையாளர் ஹேக்கர் பக்கம் நிற்க அணியமாகும் நேரத்தில், கட்சிக் கொறடாவின் அறிவுரை கேட்டு ஹேக்கரே அச்செய்தியைப் புதைத்துவிடுகிறார். அதிகாரி அறத்தை மறுத்தார். அமைச்சர் அறத்தை அறிந்தே கைவிட்டார். இருவருள் எவர் குற்றம் பெரிது என்னும் வினாவோடு அப்பகுதி முடிகிறது.

பெர்னார்ட் இருவருக்கும் இடையில் நிற்பவர். அன்றாடம் அமைச்சருக்குப் பணிசெய்யும் அவருடைய எதிர்காலமோ நிரந்தரச் செயலரின் கையில் உள்ளது. சொற்பொருள் நுணுக்கத்தில் திருத்தம் சொல்லிக்கொண்டே அவர் நழுவுவது வெறும் நகைச்சுவையன்று. இரு தலைவர்க்கும் உண்மையாக இருக்க முயலும் ஒருவருக்கு எஞ்சியுள்ள ஒரே புகலிடம் அது. அடுத்த தலைமுறைச் சர் ஹம்ஃப்ரி எவ்வாறு உருவாகிறார் என்பதைக் காட்டும் பாத்திரம் அவர்.

நகைச்சுவை அரசியலாதல்

இத்தொடரின் தலைசிறந்த சுவைஞர் அன்றைய தலைமையமைச்சர் மார்கரெட் தாட்சர் ஆவார். 1984 ஜனவரியில் தொடருக்கு விருது வழங்கிய ஒரு விழாவில் எடிங்டன், ஹாத்தார்ன் ஆகியோருடன் அவரே ஒரு சிறு நாடகத்தில் நடித்தார். பொருளியலாளரை ஒழிக்கவேண்டும் என்பது அதன் கரு. தலைமையமைச்சர் கடைசியில் நகைச்சுவை நாடகத் துறையில் தமக்குரிய இடத்தை அடைந்துவிட்டார் என்னும் பொருள்பட லின் அவ்விழாவில் நன்றி கூறினார்.

தாட்சர் இத்தொடரை விரும்பியதற்குக் காரணம் உண்டு. 1979இல் ஏறத்தாழ 7,30,000ஆக இருந்த ஆட்சிப்பணியாளர் எண்ணிக்கை 1980களின் இறுதியில் 6,00,000க்கும் கீழே குறைந்தது. அரசுப்பணியாளர் தம் துறையை வளர்ப்பதிலேயே நாட்டமுடையோர் என்னும் கருத்துக்கு இத்தொடர் ஒவ்வொரு வாரமும் முகம் கொடுத்தது. ஹேக்கரின் கோழைத்தனத்தையும் விளம்பர வேட்கையையும் கண்டு நகைத்த ஆட்சியாளர், அப்பகுதியை மட்டும் தமக்குரியதாகக் கொள்ளவில்லை. நையாண்டி இருபுறமும் கூருள்ளது. அதனைக் கையில் எடுத்தோர் ஒருபுறத்தையே பயன்படுத்தினர்.

அதே ஆண்டுகளில் உண்மை நிகழ்ச்சிகளும் நாடகத்தை நெருங்கின. பாதுகாப்புத் துறை அதிகாரி கிளைவ் பான்டிங், ஜெனரல் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டமை பற்றிய ஆவணங்களை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பியமைக்காக வழக்குத் தொடரப்பெற்று, 1985 பிப்ரவரியில் நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டார். அம்மாதமே அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஆட்சியிலுள்ள அரசினின்று வேறான சட்டநிலை ஆட்சிப்பணிக்கு இல்லை எனச் சுற்றறிக்கை விடுத்தார். மறு ஆண்டு சிட்னி நீதிமன்றத்தில் ‘ஸ்பைகேச்சர்’ நூல் வழக்கில் சான்று கூறிய அவர், உண்மையைச் சிக்கனமாகக் கையாளுதல் என்னும் பொருள்படப் பேசியமை உலகெங்கும் பேசப்பட்டது. சர் ஹம்ஃப்ரி பேசியிருக்கத்தக்க சொல்லை உண்மையான அமைச்சரவைச் செயலரே பேசினார்.

இந்திய மறுவாக்கமும் ஒரு வேறுபாடும்

2001இல் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் ‘ஜீ மந்திரிஜி’ என்னும் பெயரில் இத்தொடர் இந்தியில் மறுவாக்கம் பெற்றது. அமைச்சர் சூரியப்பிரகாஷ் சிங்காக ஃபரூக் ஷேக்கும், செயலர் ராஜ்நாத் மாத்தூராக ஜயந்த் கிருபளானியும் நடித்தனர். ஒரே வேரினின்று கிளைத்த இரு ஆட்சிப்பணிகள் ஆதலின் கதைகள் பெரும்பாலும் எளிதில் பொருந்தின.

ஆயினும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பிரித்தானிய அமைச்சர் தம் நிரந்தரச் செயலரை விருப்பம்போல் மாற்ற இயலாது. இந்தியாவில், குறிப்பாக மாநிலங்களில், இடமாற்ற ஆணை ஆட்சியாளரின் கையில் உள்ளது. 1949 அக்டோபரில் அரசியல் நிருணய சபையில் வல்லபாய் பட்டேல் ஆட்சிப்பணிக்குச் சட்டக் காப்பு வேண்டும் என வாதிட்டதன் உட்பொருள், அதிகாரி தம் கருத்தை அச்சமின்றி அமைச்சரிடம் கூற வேண்டும் என்பதே. சட்டம் பதவியைக் காத்தது, இருக்கையைக் காக்கவில்லை. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபர் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, குறைந்தபட்சப் பணிக்காலம் வரையறுக்கவும், வாய்மொழி ஆணைகளைப் பதிவுசெய்யவும் பணித்தமை இந்நிலையின் சான்று. எழுத்தில் ஆணையிடாமல் வாய்மொழியால் செயற்படுத்துவிக்கும் சூழ்ச்சியாளர் சர் ஹம்ஃப்ரியின் உலகில் இல்லை. அவர் நம் நாட்டுக்குரியவர். இங்கு எழுத்து அதிகாரியின் ஆயுதமன்று, அவருடைய கேடயம்.

இக்கேடயத்தைப் பொதுமக்களும் காண வழிசெய்தது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கோப்புக் குறிப்புகளும் அச்சட்டத்தின்கீழ் அடங்கும் என நடுவண் தகவல் ஆணையம் 2006இல் தெளிவுபடுத்தியது. அவற்றை விலக்க அவ்வாண்டு எடுக்கப்பட்ட திருத்த முயற்சி எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. சூழ்தல் எது, சூழ்ச்சி எது என்பதை வேறுபடுத்தி அறியப் பொதுமக்களுக்கு உள்ள வழி, எவர் என்ன எழுதினார் என்பதைப் படித்தறிவது ஒன்றே.

பின்வந்த சூழ்ச்சியாளர்

2005 முதல் 2012 வரை பி.பி.சி.யில் வந்த ‘தி திக் ஆஃப் இட்’ தொடரை உருவாக்கியவர் அர்மாண்டோ இயனூச்சி. 2004இல் பி.பி.சி. நடத்திய சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான தேர்வில் ‘எஸ் மினிஸ்டர்’ தொடருக்காக வாதிட்டவர் அவரே. அவருடைய தொடரின் சூழ்ச்சியாளர் மால்கம் டக்கர், தலைமையமைச்சரின் செய்தித் தொடர்பு மேலாளர். பண்பட்ட நீள்தொடருக்கு மாறாக வசைச்சொல்லும், கோப்புக்கு மாறாகத் தொலைபேசியும் அவருடைய கருவிகள். 1997இல் டோனி பிளேர் அரசு, அரசியல் நியமனம் பெற்ற சிலருக்கு ஆட்சிப்பணியாளருக்கு ஆணையிடும் அதிகாரம் வழங்கியிருந்தது. அதிகார மையம் நிரந்தரச் செயலரிடமிருந்து அரசியல் உதவியாளரிடம் நகர்ந்ததும் சூழ்ச்சியாளரின் முகமும் மாறிவிட்டது. சூழ்ச்சி அமைப்பைச் சார்ந்தது என்னும் நம் கருத்துக்கு இஃது அரண் சேர்க்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. ‘எஸ் மினிஸ்டர்’ தொடரின் சூழ்ச்சியாளர்கள் தீயவராகப் பிறந்தோர் அல்லர். பரிந்துரைச் சூழ்ச்சியை ஒழிக்க எழுந்த 1854ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் வழித்தோன்றல்கள். டிக்கன்ஸ் கண்ட திறமையற்ற அதிகாரிக்கும் ஜே – லின் கண்ட திறமைமிக்க அதிகாரிக்கும் இடையில் நிற்பது அச்சீர்திருத்தமே. அதிகாரியின் சூழ்ச்சி அமைச்சரின் அச்சத்தைத் தின்றே வளர்கிறது. ஆகவே நையாண்டியின் பழி இருவருக்கும் உரியது. அதனை ஒருவர் மீது மட்டும் சுமத்தியோர் தமக்கு வேண்டிய அரசியலை அதிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

இந்தியச் சூழலில் அதிகாரியின் நிலைபேறு குறைவு என்பதால் சூழ்ச்சியின் திசையும் வேறு. நிலையான அதிகாரி அமைச்சரை ஏய்க்கக்கூடும். நிலையற்ற அதிகாரி அமைச்சருக்கு இசைந்து மக்களை ஏய்க்கக்கூடும். முன்னதைக் கண்டு நாம் நகைக்கிறோம். பின்னதை நாம் நாள்தோறும் துய்க்கிறோம். அறிவுரை கூறுவோர் அஞ்சாமல் கூறவும், கூறியதை மக்கள் அறியவும் இடமுள்ள ஆட்சியிலேயே சூழ்ச்சி என்னும் சொல் தன் பழம்பொருளை ஓரளவேனும் மீட்டுக்கொள்ளும்.